ஏர்போர்ட் வரும் என்ற பேச்சை வைத்து விளையை விற்கலாமா?

கேள்வி: வக்கீல் சார், நாங்கள் குமரி மாவட்டம் ஈத்தாமொழி பக்கம். அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவர் வாங்கிய 62 சென்ட் தென்னை விளை (தோப்பு), அதில் ஒரு ஓட்டு வீடு. இதுதான் எங்கள் சொத்து. அம்மா, அண்ணன், நான், கத்தாரில் வேலை செய்யும் தம்பி என நான்கு பேர். சாமித்தோப்பு உப்பளம் பக்கம் ஏர்போர்ட் வரப்போகிறது என்று சொல்லி ஒரு புரோக்கர் வாரம் தவறாமல் வருகிறார். பாதி விளைக்கு இப்போதே அக்ரிமென்ட் போடலாம், ஒரு லட்சம் அட்வான்ஸ், பதினெட்டு மாதம் டைம், கூடவே பவர் எழுதித் தாருங்கள் என்கிறார். அண்ணனுக்குச் சம்மதம். தம்பியோ, விற்காதே, பக்கத்தில் இன்னும் 20 சென்ட் நான் வாங்கிப் போடுகிறேன் என்கிறான். அம்மா ஒன்றும் சொல்வதில்லை. ஏர்போர்ட் வந்தால் எங்கள் ஊர் என்ன ஆகும்? நாங்கள் விற்பதா, வாங்குவதா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அக்ரிமென்ட்டில் உங்கள் வீட்டில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நாகர்கோவில் கோர்ட்டில் இருபத்தேழு வருஷமாக நிலக் கேசுகள்தான் நடத்துகிறேன். நாலுவழிச் சாலைக்கு நிலம் எடுத்தபோது வந்த இழப்பீட்டு வழக்குகள் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், புரோக்கர் ஒரு லட்சம் கொடுத்து வாங்குவது பதினெட்டு மாத அவகாசத்தைத்தான். விலை ஏறினால் உங்கள் நிலத்தை இன்னொருவருக்குக் கைமாற்றி லாபத்தை எடுத்துக்கொள்வார். பவர், அதாவது உங்கள் சார்பில் விற்கும் அதிகாரம், அவர் கையில் இருப்பதால் பத்திர ஆபீசுக்கு உங்களைக் கூப்பிடக்கூடத் தேவையில்லை. விலை ஏறாவிட்டால் அட்வான்சைத் திருப்பிக் கேட்டு உங்கள் திண்ணையில் வந்து உட்காருவார். நடுவில் உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு என்று எது வந்தாலும் அந்த நிலத்தில் கைவைக்க முடியாது. அக்ரிமென்ட்தானே, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் முடிந்தது என்று அண்ணன் நினைக்கலாம். 2018இல் ஸ்பெசிபிக் ரிலீஃப் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்தக் கணக்கு செல்லாது. ஒப்பந்தத்தில் சொன்னபடி கிரயம் எழுதிக் கொடு என்று உத்தரவிடுவதுதான் இப்போது கோர்ட்டின் பொதுவான நிலை.

இன்னொன்று. அப்பா உயில் எழுதவில்லை என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சம பங்கு. 62 சென்டில் ஆளுக்குப் பதினைந்தரை. அண்ணன் தன் பங்கைத் தாண்டி ஒரு அடி நிலம்கூடத் தனியாக விற்க முடியாது. புரோக்கருக்கு இது தெரியாமல் இருக்காது. அதனால்தான் நான்கு பேரிடமும் பவர் கேட்கிறார்.

சரி, ஏர்போர்ட் வருமா? குமரி மாவட்டத்துக்கு விமான நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை புதிதில்லை. சாமித்தோப்பு உப்பளத்தைக் காட்டிப் பேசுவதும் பல வருஷப் பேச்சு. கோரிக்கை எழுந்து ஓடுதளம் போடும்வரை ஏறவேண்டிய படிகள் நிறைய. மத்திய அரசின் 2008ஆம் ஆண்டுக் கொள்கைப்படி முதலில் இடத்துக்கு அனுமதி, பிறகு கொள்கை அளவிலான ஒப்புதல், அப்புறம் சுற்றுச்சூழல் அனுமதி, நிலமெடுப்பு, கடைசியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம். ஏற்கெனவே இருக்கும் விமான நிலையத்திலிருந்து 150 கிலோமீட்டர் வான் தூரத்துக்குள் புதிதாக ஒன்று கேட்டால், பழையதற்கு அதனால் என்ன பாதிப்பு என்பதைத் தனியாக ஆராய வேண்டும் என்றும் அதே கொள்கை சொல்கிறது. நமக்கு மேற்கே திருவனந்தபுரம், வடகிழக்கே தூத்துக்குடி வாகைக்குளம். இரண்டுமே அந்த வட்டத்துக்குள் வருகின்றன. வாகைக்குளத்தில் சுமார் 450 கோடி ரூபாயில் புது முனையம் கட்டி 2025 ஜூலையில் திறந்தார்கள். ஓடுதளத்தையும் 3 கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். இவ்வளவு செலவு செய்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று என்றால் டெல்லியில் கேள்வி வராமல் இருக்காது.

இடம் கிடைப்பதும் லேசில்லை. வடக்கே மலை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் முழுக்கக் காற்றாலைகள். கிழக்கே போனால் கூடங்குளம் அணுமின் நிலையத்தைச் சுற்றிப் பறக்கத் தடை உள்ள வட்டம். நடுவில் குளமும் ஏலாவும் (வயல்வெளியும்) வீடுமாக நெருக்கிக்கொண்டு கிடக்கிறது நம் மாவட்டம். 2011 கணக்கெடுப்புப்படி இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேர். ஆயிரம் ஏக்கர் என்பது நான்கு சதுர கிலோமீட்டர். சராசரியாகப் பார்த்தாலே நான்காயிரத்து ஐந்நூறு பேர் வாழும் பரப்பு. காட்டையும் மலையையும் கழித்தால் சமவெளியில் நெருக்கம் இன்னும் கூடுதல். அதனால்தான் வீடில்லாத உப்பளத்தின் மேல் எல்லோருக்கும் கண் போகிறது.

வரவே வராது என்று நான் சொல்லவில்லை. அரசு முடிவெடுத்தால் வரும். ஆனால் எத்தனை வருஷத்தில்? சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர்தான் இடம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில். அந்த நாளெல்லாம் அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் போராடிக்கொண்டுதான் இருந்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கிற விமான நிலையத்தை விரிவாக்குவதற்கு 2010இல் அறிவித்த நிலமெடுப்பே பத்து வருஷத்துக்கு மேல் இழுத்தது. நம் ஊரிலேயே பாருங்கள். 2016இல் இனயத்தில் சரக்குப் பெட்டகத் துறைமுகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மீனவர்கள் எதிர்த்ததும் நம் மாவட்டத்துக் கோவளத்துக்கும் மணக்குடிக்கும் நடுவே என்று மாறியது. அங்கேயும் எதிர்ப்பு, அதுவும் நின்றுபோனது. அந்த நாட்களில் கடலோரத்து நிலத்துக்கு அக்ரிமென்ட் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் பிறகு என் ஆபீஸ் வாசலில் நின்றதை நான் பார்த்தவன். துறைமுகம் கடைசியில் விழிஞ்ஞத்தில்தான் 2025 மே மாதம் திறந்தது. அட்வான்ஸ் வாங்கியவர்களின் கேஸ் இங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

ஏர்போர்ட் வந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் என்ன ஆகும் என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

உங்கள் தென்னையிலிருந்து தொடங்குகிறேன். ஈத்தாமொழி நெட்டைக்குப் புவிசார் குறியீடே உண்டு. எண்பது அடிக்கு மேல் போகும் மரம். பெரிய விமானங்கள் இறங்கும் ஓடுதளத்தின் முனையிலிருந்து ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவில், கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை போட்டதுபோல உயர வரம்பு வைப்பார்கள். ஐம்பது மீட்டர் தள்ளிப் போனால் ஒரு மீட்டர் உயரம் கூடும். ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விளைக்கு அந்தக் கூரை ஏறத்தாழ 19 மீட்டர், அதாவது அறுபது அடி சொச்சம். அந்த நேர்கோட்டில் நிற்கும் உங்கள் மரம் இருபது அடி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தடையாக இருக்கும் கட்டடத்தையும் மரத்தையும் அகற்ற 1994இலேயே தனி விதி வந்துவிட்டது. அதற்கு இழப்பீடு உண்டு. ஆனால் நிலம் உங்களிடமே இருக்கும், மரம் மட்டும் போகும். நிலத்தை எடுக்காத ஊருக்கும் பாதிப்பு உண்டு என்பது இப்படித்தான். வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்புவதற்கும், விமான நிலையத்தைச் சுற்றிப் பல கிலோமீட்டர் வரை விமான நிலைய ஆணையத்தின் உயர வரம்பைப் பார்த்துத்தான் அனுமதி கிடைக்கும்.

அடுத்து தண்ணீர். எனக்கு உள்ளபடியே கவலை இங்கேதான். பழையாறு நாஞ்சில் நாட்டு வயல்களின் வடிகால் தண்ணீரையெல்லாம் வாங்கிக்கொண்டு வந்து மணக்குடியில் கடலில் சேர்கிறது. உப்பளமும் அதைச் சுற்றியுள்ள தாழ்ந்த நிலமும்தான் மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் விரிந்து உட்காரும் இடம். ஓடுதளம் போட வேண்டுமானால் அந்தத் தாழ்வை மண்ணடித்து உயர்த்த வேண்டும். தண்ணீர் வேறு வழி தேடும். 2021 நவம்பர் மழையில் நம் மாவட்டம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். வயல்வெளியில் கட்டி 1999இல் திறந்த கொச்சி நெடும்பாசேரி விமான நிலையம், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியாற்றுத் தண்ணீர் புகுந்து இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. அவ்வளவு பெரிய நிலையத்துக்கே அந்த நிலை என்றால், பக்கத்து விளைகளில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று யோசியுங்கள். கடலோரக் கிணறுகளில் உப்பு ஏறுவது ஏற்கெனவே உள்ள தொல்லை. நல்ல தண்ணீர் உறிஞ்சி இறங்கும் பரப்பில் தார் போட்டு மூடினால் அது கூடத்தான் செய்யும். திட்டம் என்று ஒன்று வந்தால், நீங்கள் எழுந்து கேட்கவேண்டிய முதல் கேள்வி விலையைப் பற்றி இருக்க வேண்டாம். வடிகால் எந்தப் பக்கம் போகும், வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

பறவைகளையும் சொல்லவேண்டும். சுசீந்திரம் - தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. மணக்குடிக் காயலிலும் உப்பளத்திலும் வலசைப் பறவைகள் வந்து இறங்குவதை நீங்கள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருப்பீர்கள். பறவை கூடும் இடமும் விமானம் ஏறி இறங்கும் இடமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பது பைலட்டுகளுக்குத் தெரிந்த பால பாடம். பறவையை ஈர்க்கும் மீன், இறைச்சிக் கழிவுகளை விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் கொட்டக் கூடாது என்று விமான விதிகளில் இருக்கிறது. மணக்குடியிலும் பள்ளம் ஊரிலும் கரையில் கருவாடு காயப்போடுகிறவர்களிடம் நாளை யாராவது இந்த விதியைக் காட்டி வந்து நிற்கக்கூடும். ஏர்போர்ட் பேச்சில் அவர்களை யாரும் நினைப்பதே இல்லை.

நன்மை கிடையாதா என்றால், உண்டு. தோவாளைப் பூ, குளச்சல் மீன் போன்ற கெட்டுப்போகும் சரக்கு சீக்கிரம் போய்ச் சேரும். விடுதி, டாக்சி, கடை என்று தொழில் பெருகும். வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டியோடு திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு மணி நேரம் நெரிசலில் வர வேண்டாம். ஆனால் சின்ன விமான நிலையத்துக்கு முதலில் வருவது சென்னை, பெங்களூர் விமானங்கள்தான். தோஹா விமானம் முதல் நாளே சாமித்தோப்பில் இறங்கும் என்று தம்பி எதிர்பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால், களியக்காவிளை - கன்னியாகுமரி நாலுவழிச் சாலையை ஒழுங்காக முடித்துத் தந்தாலே திருவனந்தபுரம் விமான நிலையம் நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி ஆகிவிடும்.

நிலம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி, அறிவிப்புக்கு முந்தைய மூன்று வருஷத்தில் உங்கள் சுற்றுவட்டாரத்தில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியை எடுத்துச் சராசரி போடுவார்கள். அதையும் வழிகாட்டி மதிப்பையும் ஒப்பிட்டு எது அதிகமோ அது சந்தை மதிப்பு. கிராமமாக இருந்தால் அதை ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ஒரு எண்ணால் பெருக்குவார்கள். மரம், கிணறு, வீடு இவற்றின் மதிப்பைச் சேர்த்து, மொத்தத்துக்கும் இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கணக்கு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். பத்திரத்தில் எழுதிய விலைதான் கணக்கு. சென்டுக்கு ஐந்து லட்சம் கைமாறியிருக்கும், பத்திரத்தில் ஒரு லட்சம் என்று இருக்கும். முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடித்து ஊரே அப்படி எழுதி வைத்திருந்தால், இழப்பீடும் அந்த ஒரு லட்சத்தில் இருந்துதான் தொடங்கும். நாலுவழிச் சாலையில் நம் ஆட்கள் நஷ்டப்பட்டதற்கு இது பெரிய காரணம்.

பரந்தூரில் நிலம் எடுப்பது 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டத்தில். இழப்பீட்டுக் கணக்கு 2013 சட்டப்படிதான். ஆனால் 2013 சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு என்ற படி அதில் கிடையாது. அதனால் நம் பக்கம் நோட்டீஸ் வந்தால் எந்தச் சட்டத்தில் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆட்சேபம் சொல்வதற்குள்ள கெடு அதைப் பொறுத்தது. விமான நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம் என்பதால் கலெக்டர் தலைமையில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும். அதற்கு முப்பது நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். நிலம் இல்லாதவர்களும் அங்கே பேசலாம். உங்கள் விளையில் தேங்காய் வெட்ட வருகிறவர், உப்பளத்தில் வாருகிறவர் ஆகியோரும் அந்த வேலையை நம்பியே பிழைத்திருந்தால், 2013 சட்டத்தில் பாதிக்கப்பட்ட குடும்பம் என்ற கணக்கில் வருவார்கள். இதை அவர்களிடம் சொல்லுங்கள், வேறு யாரும் சொல்லமாட்டார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். எல்லை எதுவென்று யாருக்கும் தெரியாத நேரத்தில், எல்லைக்குப் பக்கத்து நிலம் என்று சொல்லி விற்கிறார்கள். அவர் வாங்கும் 20 சென்ட் திட்டத்துக்குள் வந்தால், இன்று கொடுத்த ஏற்றிய விலை அவருக்குத் திரும்பி வராது. திட்டத்துக்கு வெளியே, ஓடுதளத்தின் நேர்கோட்டில் அமைந்தால் வீடு கட்டவே தடை வரலாம். திட்டமே வராமல் போனால் பணம் முடங்கும். மனையாகப் பிரித்து விற்கிறார்கள் என்றால் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பாலைவன வெயிலில் நின்று சேர்த்த காசு அது. தென்னைக்கும் வீட்டுக்கும் பிரயோஜனப்படும் நிலம் நியாய விலைக்கு வந்தால், ஏர்போர்ட் இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா என்று அவரே கேட்டுப் பார்க்கட்டும். ஆம் என்றால் வாங்கட்டும், முழுத் தொகையையும் பத்திரத்தில் எழுதி வாங்கட்டும்.

நீங்கள் இப்போது செய்யவேண்டிய வேலை வேறு. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கும் என்று நினைக்கிறேன். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, நான்கு பேர் பெயருக்கும் பட்டாவை மாற்றுங்கள். தக்கலைப் பக்கத்தில் என் கட்சிக்காரர் ஒருவர். நாலுவழிச் சாலைக்காகச் சர்வே ஆட்கள் வந்து அவருடைய மரங்களில் சிவப்புப் பெயின்டில் நம்பர் எழுதினார்கள். 1, 2, 3 என்று 41 வரை. பட்டா மட்டும் இறந்துபோன தாத்தா பெயரிலேயே கிடந்தது. பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் ஒன்பது பேர் பங்கு கேட்டு வந்தார்கள். தொகை கோர்ட்டில் கட்டப்பட்டது. பிரித்து வாங்க ஆறு வருஷம். அதற்குள் மரங்களை வெட்டி ஜல்லி கொட்டிவிட்டார்கள். அவர் தினமும் அந்த வழியாகவே பஸ்சில் போய்வந்தார். நம்பர் எழுதிய ஒரு பட்டையை மட்டும் வீட்டில் எடுத்து வைத்திருக்கிறார். என்னிடம் காட்டியிருக்கிறார்.

அதனால், வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். புலப்படத்தோடு (நிலத்தின் சர்வே வரைபடம்) எல்லைக் கல் ஒத்துப்போகிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துகொள்ளுங்கள். மரங்களை எண்ணி, வயது குறித்து, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். கிணற்றையும் வீட்டையும் சேர்த்து. உங்கள் சர்வே நம்பரைக் குறிப்பிட்டு, விமான நிலையத்துக்காக ஏதாவது ஆய்வு உத்தரவு உள்ளதா என்று கலெக்டர் ஆபீசுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய்தான் செலவு, முப்பது நாளில் பதில் தரவேண்டும். அந்தப் பதிலைப் புரோக்கர் அடுத்த முறை வரும்போது காட்டலாம். ஒருவேளை என்றைக்காவது இழப்பீடு வாங்கும் நிலை வந்து, தொகை போதாது என்று தோன்றினால், ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திடாமல் பணத்தை வாங்காதீர்கள். அந்த ஒரு வரி இல்லாமல் வாங்கினால் கூடுதல் கேட்டுப் போகும் வழி அடைபட்டுவிடும்.

அம்மா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கும் பதினைந்தரை சென்ட் சொந்தம் என்பது அவருக்குத் தெரியுமா? மகன்கள் இருவரும் போனில் சண்டை போடும்போது அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் பங்கைப் பற்றி அவரிடமே தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பட்டா மாறும்போது அவர் பெயர் முதலில் வரட்டும்.

அப்பா வாங்கிய பத்திரத்துக்கு முந்தைய ஆதாரம், கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) போட்டது, வீட்டுப் பெட்டியில் எங்காவது மடித்து வைத்திருப்பார். தேடி எடுங்கள். மடிப்பில் கிழிந்திருந்தால் ஒட்ட வேண்டாம், அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். அசலை யாரிடமும், வக்கீலிடமும்கூட, கொடுத்து வைக்காதீர்கள். நகல் போதும்.